மீனக்காவுக்கு வந்த குரல்கள்

தொலைக்காட்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. நேயர்கள் தொலைபேசியில் பதிவு செய்துவிட்டுப் போகிற கருத்துகளை அங்கே உட்கார்ந்து கேட்டு, சுருக்கித் தட்டச்சு செய்து, மாலை நாலு மணிக்குள் நிகழ்ச்சி மேலாளருக்கு அனுப்புவது காதக்காவின் வேலை. அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவள். நாளெல்லாம் காதில் கருவியோடே திரிந்ததால் 'காதக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது.

காதக்கா பயந்தாங்கொள்ளி. அதை அவளே ஒப்புக்கொள்வாள். கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர், "இவ பக்கத்துல உக்காந்தா எனக்கு பிரேக்கே வேணாம்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள்.

அந்த வருடம் நிலையத்துக்கு யோகம் அடித்தது. கடற்கன்னி ஒருத்தி கரைக்கு வந்து கலங்கரை விளக்கக் காவலாளியின் வீட்டில் தங்குகிற தொடர். வீட்டுக்கு வீடு அதே பேச்சு. பிள்ளைகள் அவளை 'மீனக்கா' என்றார்கள். ஒரு நாளைக்கு இருநூறு குரல்கள் வந்தன. "கன்னிக்குக் கழுத்துல ஒரு முத்துகூடப் போடக்கூடாதா, எல்லா நகையும் வில்லிக்குத்தானா?" என்று ஒரு அம்மாள். "நான் முப்பது வருஷமா மீன் வெட்டுறேன், அந்த வாலு எந்த மீனோட வாலுன்னு எனக்கே புரியல" என்று ஒரு மீன் வியாபாரி. "கதைய ஜவ்வு மாதிரி இழுக்கறீங்க" என்று திட்டுகிற மனிதர் ஒருவர் ஒரு நாள் விடாமல் பார்த்துவிட்டுத் திட்டினார். காதக்காவுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது.

ஐம்பதாவது பகுதியில் மீனக்கா காவலாளியின் மகளிடம் சொன்னாள்: "தண்ணிக்குள்ள மூச்சை அடக்கி நூறு எண்ணுறவங்களுக்கு என் வீட்டுக் கதவு திறக்கும்."

மூன்றாம் நாள் மதியம் ஒரு சிறுமியின் குரல் வந்தது. ஏழெட்டு வயதுதான் இருக்கும்.

"மீனக்கா, நான் இன்னைக்கு முப்பத்திரண்டு எண்ணினேன். அம்மா தையல் ஃபேக்டரிக்குப் போயிருக்காங்க. எங்க வீட்டு நீல டிரம்முக்குள்ள தலைய விட்டு எண்ணினேன். நாளைக்கு இன்னும் எண்ணுவேன்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. காதக்காவின் திரையில் மூன்றே கட்டங்கள்: பாராட்டு, குறை, யோசனை. இதை எதில் போடுவது? விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன. பதிவை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மேலாளர் அவளைவிடப் பத்து வயது இளையவர், மரியாதை தெரிந்தவர். முழுசாகக் கேட்டார்.

"சார், அந்த வசனத்த எடுத்துடச் சொல்லுங்க. இல்லன்னா பிள்ளைங்க செய்யக்கூடாதுன்னு ஒரு வரி போடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க அக்கா. முப்பத்திரண்டு எண்ணி முடிச்சதும் தலைய வெளிய எடுத்து நமக்குப் போனும் பண்ணியிருக்கு. அப்புறம் என்ன பயம்?" என்றவர் திரும்ப ஒருமுறை ஓடவிட்டார். "ஆனா குரலப் பாருங்க. வெல்லம்."

மறுநாள் முன்னோட்டத்தில் அந்த வெல்லக் குரல் வந்தது. மீனக்கா நீருக்குள் கை நீட்ட, பின்னால் "நாளைக்கு இன்னும் எண்ணுவேன்" என்றது. வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த காதக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு குரல்கள் புற்றீசலாகக் கிளம்பின.

"மீனக்கா, நான் நாப்பது."

"நானும் எங்க எதிர்வீட்டுப் பொண்ணும் மாத்தி மாத்தி எண்ணுறோம், அவதான் ஜெயிக்கிறா."

"மீனக்கா, என் குரலையும் டிவியில போடுவீங்களா? ஐம்பத்தி மூணு."

நீல டிரம் சிறுமியும் தினமும் வந்தாள். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்பது. அறுபது. எண் ஏற ஏற அவளுடைய பேச்சு குறைந்தது. அறுபத்தெட்டு என்ற அன்று அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

காதக்கா ஒரு தாளில் அந்தப் பிள்ளைகளின் தொலைபேசி எண்களை எழுதத் தொடங்கினாள். மீண்டும் மேலே போனபோது மேலாளரின் குரலில் பழைய இனிப்பு இல்லை.

"நேயர் நம்பர எடுத்து நாமளே போன் பண்ணக்கூடாது அக்கா. பண்ணினா வேலை போயிடும். உங்களுக்கும் தெரியும்."

மறுநாள் நீல டிரம் வரவில்லை. மதியம் இரண்டாயிற்று, இரண்டரையாயிற்று. ஒரு மணிக்கே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேசுகிற பிள்ளை. காய்ச்சலாக இருக்கும், ஊருக்குப் போயிருக்கும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் ஒரு புதுக் குரல் வந்தது. உற்சாகமான குரல்.

"மீனக்கா, என் தம்பி பாதியிலயே எழுந்து எழுந்து வந்துடறான். அதனால நாளையிலேருந்து நான் அவன் தலைய அமுக்கிப் பிடிச்சிக்கப் போறேன்."

காதக்கா காதுக் கருவியைக் கழற்றினாள். எழுந்து கதவைச் சாத்தினாள். அந்தப் பிள்ளையின் எண்ணை அழுத்துகிறபோது விரல் இரண்டு தடவை தவறான எண்ணில் விழுந்தது.

"யாருங்க?" என்றாள் மறுமுனையில் ஒரு தாய்.

காதக்கா திக்கித் திணறிச் சொன்னாள். அந்தத் தாய்க்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என் பொண்ணு ஏன் அப்படிச் செய்யப் போறா? நீங்க யாரு, எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?" பிறகு, "இங்க வாடி" என்று யாரையோ கூப்பிடுவது கேட்டது. தூரத்தில் ஒரு சின்னக் குரல்: "இன்னைக்கு மெதுவாத்தான்மா பிடிச்சேன். ஒரே ஒரு தடவ."

போன் வைக்கப்பட்டது.

பிறகு அவள் நிறுத்தவில்லை. தாளில் இருபத்தேழு எண்கள். சிலர் மோசடிக்காரி என்றார்கள். ஒரு தகப்பன் சிரித்தான். பாதிப்பேர் பேச்சை முடிக்கும் முன்பே பிள்ளையைத் தேடி ஓடினார்கள். நீல டிரம் வீட்டில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினான்கு முறை முயன்றாள். அன்றைய அறிக்கை மேலே போகவில்லை.

ஐந்தரை மணிக்கு அந்த எண்ணே திரும்பக் கூப்பிட்டது.

"இதுலேருந்து நிறைய தடவ வந்திருக்கு. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்றது ஒரு களைத்த பெண் குரல்.

காதக்கா தான் யார் என்று சொன்னாள். பிள்ளையைப் பற்றிக் கேட்கும் முன்பே அந்தப் பெண்ணே சொன்னாள்.

"நேத்து உங்களுக்குப் போன் பண்ணிட்டு மறுபடியும் எண்ணியிருக்கா, மயங்கிட்டா. டிரம்முல பாதித் தண்ணிதான் இருந்துச்சி. அவ பாரம் தாங்காம கவுந்துடுச்சி. தண்ணி கதவுக்கடியில ஓடி, கீழ்வீட்டுக்காரங்க பாத்து ஓடி வந்திருக்காங்க. தாடையில நாலு தையல். இப்போ கண் முழிச்சிட்டா." பிறகு சேர்த்துச் சொன்னாள்: "வழக்கமா நான் டிரம்ம ரொப்பிட்டுத்தான் போவேன். நேத்து குழாயில தண்ணி வரல."

காதக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ குரல டிவியில போட்டீங்களே, அன்னைக்கு வீடே குதிச்சுது. அதுக்கப்புறம்தான் விடாப்பிடியா எண்ண ஆரம்பிச்சா. யாருங்க அதக் கொண்டுபோய்க் குடுத்தது?"

மேலாளர் என்று சொல்லியிருக்கலாம். "நான்தாம்மா" என்றாள் காதக்கா. "நிறுத்தறதுக்காகக் குடுத்தேன். அது இப்படி ஆயிடுச்சி."

அந்தத் தாய் திட்டவில்லை. போனையும் உடனே வைக்கவில்லை.

மறுநாள் காலை காதக்கா தாளை மேலாளர் மேசையில் வைத்து, தான் போன் செய்ததையும், கேட்டதையும் வரிசையாகச் சொன்னாள். தாடையில் நாலு தையல் என்றபோது அவர் முகம் வெளிறியது. அன்றே முன்னோட்டம் நின்றது. அடுத்த பகுதியில் மீனக்கா, "அந்தக் கதவு மீன்களுக்குத்தான், மனுஷங்களுக்கு இல்ல" என்று அவசரமாகச் சேர்த்த வசனம் ஒன்றைச் சொன்னாள். காதக்காவுக்கு வேலை போகவில்லை. விதியை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அதைப் படித்த கணவர், "இத மடிச்சு பத்திரமா வை. இவ்வளவு தைரியம் உனக்கிருக்கும்னு நான் நெனக்கவே இல்ல" என்றார். தைரியம் இல்லை, பயந்துதான் செய்தேன் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. கடிதத்தை மடித்து வைத்தாள்.

எண்ணிக்கைக் குரல்கள் ஒரு வாரத்தில் ஓய்ந்தன. வால் பற்றியும் நகை பற்றியும் பேச்சு திரும்பியது.

பத்தாம் நாள், எண் தெரியாத ஓர் அழைப்பிலிருந்து ஒரு பதிவு வந்தது. மீனக்கா என்று யாரும் அழைக்கவில்லை. ஒரு பிள்ளை வேறொரு பிள்ளைக்காக நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் நீர் அலம்புகிற சத்தம். நாற்பதுக்குப் பிறகு அந்தச் சத்தமும் இல்லை. ஐம்பத்தேழு என்றபோது, நேயர்களுக்கு ஒதுக்கிய ஒரு நிமிடம் முடிந்து பதிவு துண்டித்துக்கொண்டது.

காதக்கா அதை மேலாளரிடம் எடுத்துப் போனாள். இருவரும் நின்றபடியே கேட்டார்கள், திரும்பவும் கேட்டார்கள். தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டார்கள், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அழைப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவே இல்லை.