சாக்ஸபோன் கழுத்தில் சந்தனம்

சகாயம் தன் சாக்ஸபோனை லுங்கியில் சுற்றிக்கொண்டு செங்கல்பட்டில் உள்ள என் ரிப்பேர் கடைக்கு வந்தான். மறுநாள் மாலை மாமல்லபுரத்தில் கல்யாண வரவேற்பு, அவனுடைய பேண்டு செட்தான் வாசிக்கிறது. வாத்தியமோ சுருதி இறங்கிக் கிடந்தது. கீபோர்டுக்காரன் ஒரு பட்டனைத் தட்டினால் இவனுக்குச் சமமாக இறங்கி வரலாம். இறங்க மாட்டானாம்.

"'ஒனக்காக நான் எறங்கணுமா? என் பொட்டிலயே சாக்ஸ் சவுண்டு கீது, நீ வூட்லயே குந்து'ன்றான் அண்ணாத்த. நாளிக்கு சுருதி சேரலன்னா மாஸ்டர் என்ன செட்டுலேர்ந்து தூக்கிடுவாரு."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

இப்போது வரும் சாக்ஸபோனில் மவுத்பீஸை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். இவனுடையது அரதப்பழசான வெளிநாட்டு மாடல். கழுத்துக் குழாயின் முனையில் மரை வெட்டிய பித்தளை வளையம் இருக்கும். அதைத் திருகினால்தான் மவுத்பீஸ் நகரும். அந்த வளையம் வெளிப்பக்கம் வந்த நிலையிலேயே இறுகிவிட்டது. அதன்மேல் பல் பதிந்த தடம் வேறு.

"இன்னாடா இது?"

"பைப் ரிஞ்சு போட்டுப் பாத்தேன்."

"ஏன், மோட்டார் பம்புன்னு நெனச்சியா?"

கடற்கரையில் வாசிக்கிறவன், உப்புதான் பிடித்திருக்கும் என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு எண்ணெய் விட்டேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். என் கைதான் வழுக்கியது. கடைசியில் சின்ன பர்னரை எடுத்து வளையத்துக்கு இலேசாகச் சூடு காட்டினேன்.

கடை முழுக்கச் சந்தன வாசனை.

"டேய், இதுல இன்னா பூசின?"

"நான் எங்க பூசினேன்? ஆயுத பூஜைக்கு மாஸ்டர் எல்லா வாத்தியத்துக்கும் பொட்டு வெப்பாரு. இதுல அந்த வளையத்துலதான் பொட்டு நல்லா நிக்கும். வருசா வருசம் அங்கதான்."

"நீ சர்ச்சுக்குப் போறவனாச்சே, வேணான்னு சொல்லக் கூடாதா?"

"சுண்டல் பொரி வாங்கித் துன்னுட்டு பொட்டு மட்டும் வாணாம்னா நல்லாவா இருக்கும்?"

நியாயமான கேள்விதான். மரைக்குள் வருஷக்கணக்கில் காய்ந்த சந்தனத்துக்கு நான் எண்ணெய் ஊற்றிக் குழம்பு வைத்திருக்கிறேன். கழுத்தைக் கழற்றி, சோப்பு போட்ட வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மஞ்சளாகக் கரைந்து வந்தது. துணியைச் சுற்றிக் கையால் திருகியதும் வளையம் சாதுவாகத் திரும்பியது. சகாயம் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டையெல்லாம் எண்ணெய்.

மறுநாள் நானும் மாமல்லபுரம் போனேன். வளையம் மறுபடி மக்கர் பண்ணுமோ என்ற பயம், அதோடு கல்யாணச் சாப்பாடு. கீபோர்டுக்காரன் ஒரு சுரத்தை அழுத்திவிட்டு நக்கலாகப் பார்த்தான். சகாயம் வளையத்தைக் கால் சுற்று திருகி ஊதினான். இரண்டும் ஒட்டிக்கொண்டன. மாஸ்டர் கீபோர்டுக்காரனிடம், "ஒன் சாக்ஸ் சவுண்ட நிறுத்துடா" என்றார். எனக்கு அதுவே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எண்ணெய்க் குப்பியைத் தொடுவதற்கு முன், வாத்தியத்துக்கு என்னென்ன மரியாதை நடந்தது என்று கேளுங்கள்.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் மாமா சந்தனக் கிண்ணத்தோடு மேடை ஏறி, விரலை நேராக வாத்தியத்தின் பக்கம் நீட்டினார். சகாயம் வளையத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நெற்றியை நீட்டினான்.

"எனுக்கு எவ்ளோ வோணா பூசு நைனா. அதுக்கு மட்டும் வாணாம்."