நிக்கொலஸ் அழிக்கச் சொன்னது

டிலுக்ஷிக்கு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்க வராது. கண்டக்குளியில் போன், ஜிபிஎஸ் திருத்தும் கடை வைத்துப் பத்து வருடம். கதிரையில் இருந்ததைவிட அதைச் சுற்றி நடந்ததே அதிகம். வாய் மட்டும் இறுக்கம். அதனால்தான், கடலடியில் மீன் ஒதுங்கும் பார்கள் எங்கே என்று பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத ஆண்கள், அந்த இடங்களை அவளுடைய கம்பியூட்டரில் சேமிக்கக் கொடுத்தார்கள். கடலில் கால் நனைக்கப் பயந்தவளிடம் பாதிக் கடல் கிடந்தது.

அன்று காலை மீனவர் நிக்கொலஸ் வந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரும் தம்பி றொபியும் ஒரே படகில் போன காலத்தில், நாற்பத்தொரு பார்களையும் ஒருவர் ஃபோல்டரில் வைத்து, மற்றவர் பெயரில் அதற்கு ஒரு லிங்க் மட்டும் போட்டிருந்தாள். எந்தப் பெயரைத் திறந்தாலும் அதே பார்கள் வரும். இப்போது சண்டை, படகும் இரண்டு.

"றொபிட பேர்ல கிடக்கிறத அழி பிள்ளை. நான் தேடின பார்ல அவன் வலை போடுறான். என்ட ஜிபிஎஸ்ஸும் தண்ணில விழுந்து செத்துட்டு. இதிலயிருந்துதான் திரும்ப ஏத்தோணும்."

மூத்தவர் பெயரில் இருப்பதுதான் அசல் என்று டிலுக்ஷியும் நினைத்தாள். லிங்கை அழிப்பது ஒரு வரி வேலை. அடித்தாள். இது ஃபோல்டர், அழிக்க முடியாது என்றது கம்பியூட்டர். பெயருக்குப் பின்னால் சாய்கோடு விழுந்தால் இப்படி அடம்பிடிக்கும். அதை எடுத்துவிட்டு அடித்தாள். அதே பதில். காலி ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைப் போட்டாள். உள்ளே சாமான் இருக்கிறது என்றது.

எழுந்து போய் ஃபேனைத் தட்டினாள். தண்ணீர் குடித்தாள். திரும்ப வந்தாள்.

"இன்னும் ஏலாதா?"

"பொறுங்க அண்ணே, என்னப் போட்டு அரிக்காதங்க!"

நெட்டில் எவனோ ஒரு புண்ணியவான், கேள்வி கேட்காமல் வேரோடு அழிக்கும் கட்டளையை எழுதிவைத்திருந்தான். அதையும் அடித்துவிட்டாள். என்டர் மட்டும் பாக்கி.

லிங்குக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? சந்தேகம் தட்டியது. கட்டளையை விட்டுவிட்டுப் பட்டியலை விரித்தாள். லிங்கைக் காட்டும் அம்புக்குறி றொபியின் பெயருக்குப் பக்கத்தில் இல்லை. நிக்கொலஸின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. என்டரைத் தட்டியிருந்தால் கம்பியூட்டரில் இரண்டு பேருக்கும் ஒரு பாரும் மிஞ்சியிராது.

"அண்ணே, சாமான் முழுக்க றொபி அண்ணன்ட ஃபோல்டர்லதான் கிடக்கு. உங்கட பேர்ல இருக்கிறதுதான் லிங்க்."

"விசர்க் கதை கதைக்காத. எல்லாம் நான் கண்டுபிடிச்சது."

அவள் திகதிகளை வாசித்தாள். முதல் முப்பது பார்களும் ஒரே வருடத்தில் ஏறியவை. நிக்கொலஸ் முதுகு ஒப்பரேஷன் செய்து ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகக் கிடந்த வருடம். றொபி தனியே கடலுக்குப் போனான். அவன் சொன்னது இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மறைக்க மனம் வரவில்லை.

"அண்ணன்ட பேரத் திறந்தாலும் வாற மாதிரி வை, அவர் எழும்பி வரக்குள்ள வெறுங்கையோட நிக்கக்கூடாது எண்டு றொபி அண்ணன்தான் லிங்க் போடச் சொன்னவர்."

நிக்கொலஸ் கதிரையை அருகே இழுத்து, திகதிகளைத் தானும் ஒருமுறை பார்த்தார்.

"என்ட லிங்க அழி," என்றார் பிறகு.

"அழிச்சா உங்களிட்ட ஒரு பாரும் இல்ல அண்ணே."

"தெரியும். அவன் கரைக்கு வரட்டும். அவன்ட்டயே கேட்டு வாங்கிறன்."

லிங்கை அழித்தாள். பிழை எதுவும் வரவில்லை. நிக்கொலஸ் எழுந்து போகவில்லை. றொபியின் படகு வரும்வரை கடையிலேயே இருந்தார்.