இருபத்தாறு பசுக்கள் கொள்ளாத தொழுவம்

1984 பிப்ரவரி 9. காலையில் வால்புர்காவின் தொழுவத்தில் இருபத்தாறு பசுக்கள், ஐம்பத்திரண்டு கொம்புகள். மதியம் கொம்புகள் ஐம்பத்தொன்று.

ஆல்கோய் மலையடிவாரத்தில் ஜன்னல் உயரத்துக்குப் பனி கிடந்த வருடம் அது. வால்புர்காவும் கணவர் மாக்னுஸும் ரசாயனம் தொடாத உயிராற்றல் வேளாண்மைக்கு மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பசுக்கொம்பில் சாணம் அடைத்து வயலில் புதைப்பதால் ஊரில் அவர்களுக்குச் ‘சாண மந்திரவாதிகள்’ என்று பெயர். அந்த முறையில் உயிருள்ள மாட்டின் கொம்பை அறுக்கக் கூடாது. அறுத்தால் பண்ணைக்குக் கிடைத்த சான்றிதழ் போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சங்கிலிகளைக் கழற்றி, மாடுகளைத் தொழுவத்துக்குள் உலவவிட்டார்கள். அன்று மந்தைத் தலைவியான பசு டிஸ்டல், லெர்ஹ என்ற இளம்பசுவை மூலையில் மடக்கிக் குத்திவிட்டது. லெர்ஹவின் விலா கிழிந்தது; டிஸ்டலின் இடக்கொம்பு சுவரில் மோதி முறிந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து வெந்நீர் தூக்கிப்போனது நான்தான். வைக்கோலும் ஈரத்தோலும் கலந்த அந்த வெதுவெதுப்பு இன்னும் மூக்கில் நிற்கிறது.

கால்நடை மருத்துவர் தையல் போட்டுக்கொண்டே சொன்னார்: “ரம்பம் வண்டியிலயே இருக்கு. ஊசி போட்டு எல்லாத்தையும் அறுத்துடறேன். அடுத்த தடவை குத்துனா குடல் வெளிய வந்துரும்.”

மாக்னுஸ் மனைவியைப் பார்த்தார். “சான்றிதழ் கிடக்கட்டும். மாடு செத்தா என்ன செய்வே?”

“சாயங்காலம் கறக்கிற வரைக்கும் பொறுங்க டாக்டர்” என்றார் வால்புர்கா.

“மந்திரம் போடப் போறீங்களாக்கும்!” என்றார் மருத்துவர்.

வால்புர்கா தீவனத்தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் மாடுகளையே பார்த்தார். டிஸ்டல் தலையசைத்தபோதெல்லாம் மற்றவை விலகின. விலக இடமில்லாத மூலையில்தான் குத்துவதற்குக் கொம்பு தாழ்ந்தது.

இறங்கி வந்து சொன்னார்: “தெற்குச் சுவரை இடிச்சு வெளிமுற்றத்துக்கு வழி விடணும். ஏழு மாட்டை வித்துடணும்.”

“கொம்பைக் குறைக்கச் சொன்னா மாட்டையே குறைக்கிறியேடி!” என்று கத்தினார் மாக்னுஸ். கத்திவிட்டுச் சம்மட்டி எடுக்கப் போனதும் அவர்தான். மருத்துவர் ரம்பத்தை எடுக்காமலே கிளம்பினார். சுவர் விழுந்ததும் மாடுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் இறங்கி நின்று, மூக்கில் புகைவிட்டன. அன்றுபோல் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதற்கப்புறம் குறைவு.

மாக்னுஸ் இப்போது இல்லை. மே முதல் தேதி பண்ணை குத்தகைக்குப் போகிறது. பத்தொன்பது மாடுகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் வால்புர்கா எழுதியிருக்கிறார்.