தொப்பிக்காரன் தமிழில் பேசிய நாள்

மொக்கைச்சாமிக்கு இங்கிலீஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் படத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுவார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்து, வேலை அமையாமல் அலைந்த வாரத்தில், ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாக ஓடிய பழைய குதிரைக்காரப் படம் அது. ஏழு நாளும் போய்ப் பார்த்தார்.

அகலத் தொப்பி வைத்த நெடிய ஆள் ஒருவன் ஒரு பொட்டல் ஊருக்குக் குதிரையில் தனியாக வருவான். ஆற்றோரம் நாலு பேரைச் சுட்டுத் தள்ளுவான். அவர்கள் கொள்ளைக்காரர்கள் என்று மொக்கைச்சாமி புரிந்துகொண்டார். பிறகு ஒரு பெண்ணின் குடிசைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றுவான். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அவள் புருஷன் அணிந்திருந்த அதே சங்கிலிக் கடிகாரத்தை மேஜைமேல் வைத்து, தணிந்த குரலில் ஏதோ சொல்லுவான். அவள் அழுவாள். செத்துப்போன சிநேகிதனின் பொருளைக் கொண்டுவந்து கொடுத்து ஆறுதல் சொல்கிறான் என்பார் மொக்கைச்சாமி. கடைசியில் ஊர்ச்சனம் வண்டி கட்டிக் கிளம்பும்வரை மேட்டில் காவல் நின்றுவிட்டு, அவன் திரும்பிப் பாராமல் போய்விடுவான்.

அவரை மயக்கியது அவன் நடை. தெருவே ஒதுங்கி நிற்க, அவன் மட்டும் நடுவில் மெல்ல நடப்பான். வாயைத் திறக்காமலே ஒரு ஆள் நியாயம் கேட்க முடியும் என்பதை அந்த நடையில்தான் கண்டதாகச் சொல்லுவார்.

2001இல் அவரும் அப்படி நடந்தார். அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நூல் பிசிர் வெட்டும் ரங்காத்தாள் ஒரு ஓட்டைப் பீஸைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று மேனேஜர் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அறுபது பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மொக்கைச்சாமி கத்திரியை வைத்துவிட்டு மெல்ல நடந்துபோய், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, மேனேஜரின் கண்ணையே பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேனேஜர் இரண்டடி பின்வாங்கி அறைக்குள் போய்விட்டான். இவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். மறுவாரமே வேறு கம்பெனியில் சேர்ந்தார்.

2004இல் அதே ரங்காத்தாள் அவர் குடியிருந்த வரிசை வீட்டுக் காம்பவுண்டுக்கே குடிவந்தாள். அவள் எதிரிலேயே அந்தப் படத்தையும் இந்தக் கதையையும் பலமுறை சொல்லியிருக்கிறார். அவள் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சியில் அந்தப் படத்தைத் தமிழில் பேசவைத்துப் போடுவதாக அறிவித்தார்கள். அவர் காம்பவுண்டையே கூப்பிட்டார். மனைவி சீனியம்மாளைக் கறிக்குழம்பு வைக்கச் சொன்னார். ரங்காத்தாள் நிலைப்படி ஓரம் உட்கார்ந்தாள்.

முதலில் ஆற்றோரக் காட்சி. அந்த நாலு பேரும் கையைக் கூப்பி, சொந்த நிலத்தைத்தானே உழுகிறோம், விட்டுவிடு என்று தமிழில் கெஞ்சினார்கள். தொப்பிக்காரன் சுட்டான். அடுத்து குடிசை வந்தது. அதே தணிந்த குரல்.

“இது உன் புருஷனோட கடிகாரம். நேத்து அவனைச் சுட்டது நான்தான். நாளைக்கும் நீ இங்கே இருந்தா, உன் பிள்ளைங்களுக்கும் இதேதான்.”

மொக்கைச்சாமியின் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. தமிழ் பேசவைத்தவர்கள்தான் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார். சத்தத்தை நிறுத்தச் சொன்னார். சத்தம் போன பிறகு அந்தப் பெண்ணின் முகம் மட்டும் திரையில் இருந்தது. அதில் இருந்தது நன்றியல்ல, நடுக்கம். ஏழு நாள் இதே முகத்தைப் பார்த்தும் எப்படித் தெரியாமல் போனது? மேட்டில் நின்றதும் காவலுக்கல்ல. ஊரைக் காலிசெய்ய வைத்துவிட்டு, சரிபார்க்க நின்றிருக்கிறான்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ரங்காத்தாள் மட்டும் இருந்தாள். அவர், இவனையா நான் நல்லவன் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார்.

“அன்னிக்கு நீங்க வந்து நின்னப்ப எனக்கும் பயமாத்தானுங்கண்ணா இருந்துச்சு,” என்றாள் அவள்.

பிறகுதான் மீதியைச் சொன்னாள். அவர் கேட்டைத் தாண்டிய அன்று சாயங்காலமே மேனேஜர் அவளை அழைத்து, ஆள் வைத்து மிரட்டுகிறாயா என்று கேட்டு வேலையைவிட்டு நிறுத்தினான். பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சொல்லி வைத்தான். ஐந்து மாதம் யாரும் சேர்க்கவில்லை. பொங்கலூர்ப் பக்கம் வெங்காயக் காட்டு வேலைக்குப் போனாள். ஒன்பதாவது படித்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூடவே கூட்டிப்போனாள்.

இதில் எதுவும் மொக்கைச்சாமிக்குத் தெரியாது.

“இத்தன வருசமா ஏன் தாயி ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களேண்ணா,” என்றாள். “பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசியிருந்தீங்கன்னா, மத்தவங்களும் எந்திரிச்சிருப்பாங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க.”

மகள் இப்போது எங்கே என்று கேட்டார். குன்னத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டாளாம். பெயர் தரணி. அவர் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த மாதம் பனியன் தொழிலாளர் சங்கத்தில் பெயர் கொடுத்தார். முதல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது எழுந்து நின்று, சொல் வராமல் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது கூட்டத்தில் நாலு வரி பேசினார். முடித்த பிறகும் போகாமல், கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.