காத்துக்காரர் மகளும் கசிந்த பெட்டியும்

அவளுடைய அப்பாவை எல்லோரும் காத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர்களை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இறக்குவது அவர் வேலை. சிலிண்டரைச் சாய்த்து, விளிம்பில் நிறுத்தி, அவர் உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் அடம்பிடிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவது போலிருக்கும்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். வாங்கிய கையோடு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டபோதுதான் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மூளை செல்லுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காம பண்றதுப்பா.”

“அடிப்பாவி! நான் காலம்பூரா ஊருக்கே மூச்சு கொண்டுபோய்க் குடுக்கறேன். நீ படிச்சுட்டு அதைப் புடுங்கறியா?”

அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒருத்தர் குடுக்கறது, ஒருத்தர் புடுங்கறது. நல்ல குடும்பம்.”

அவள் பொறுமையாக விளக்கினாள். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்க ஹீமோகுளோபின் இருக்கிறது. நரம்பு செல்களுக்குள் அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. நியூரோகுளோபின் என்று பெயர். அந்தப் புரதமும் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாதம் வந்து மூளைக்கு ரத்தம் போகாமல் செல்கள் திணறும்போது, இந்தப் புரதம் அதிகமாக உள்ள செல்கள் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

“அப்ப மூளைக்குள்ள குட்டிக் குட்டியா சிலிண்டர் இருக்குன்னு சொல்லு.”

“அப்படிச் சொல்ல முடியாதுப்பா. இருக்கறதே துளியூண்டு. ஆக்ஸிஜனைச் சேத்து வைக்குதா, அந்த ஆக்ஸிஜனே விஷமா மாறினா அதைத் தொடைக்குதா, செல்லு தானா செத்துப்போறதைத் தடுக்குதான்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது.”

“சிலிண்டர்தான்” என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். இடப்பக்கத்துப் பெட்டியில் சாதாரண நரம்பு செல்கள். வலப்பக்கத்தில் புரதம் கூட்டிய செல்கள். நைட்ரஜனைச் செலுத்தி, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை விரட்டிவிட்டு மூட வேண்டும். திறந்து பார்த்தபோது சாதாரண செல்களில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. புரதம் கூட்டியவை கிட்டத்தட்ட எல்லாமே உயிரோடு இருந்தன. மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான். ஆய்வுக்கூடத் தலைவி, எல்லோருக்கும் அவர் மேடம், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே “பிரமாதமா இருக்கேம்மா” என்றார். வரப்போகும் கருத்தரங்கில் அவளே பேசுவதாக ஏற்பாடாயிற்று.

அதை வீட்டில் சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்பாவின் வேன் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் சிலிண்டரோடு செய்தியும் இறங்கியது. பக்கவாதத்துக்குக் காத்துக்காரர் மகள் மருந்து கண்டுபிடித்துவிட்டாளாம்.

அவளோ, நாலு பேர் தன்னைப் பாராட்டினால் எங்கே தப்பு செய்தோம் என்று தேடுகிற ரகம். இந்த இடத்தில் நிற்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வியைப் பட்டத்தோடு சேர்த்தே வாங்கி வந்திருந்தாள். பேச்சுக்குத் தயாராகிக்கொண்டிருக்கையில் ஒரு சந்தேகம் வந்தது. புரதம் கூட்டிய செல்களை எப்போதும் ஒரே பெட்டியிலா வைத்தாய் என்று யாராவது எழுந்து கேட்டால்? ஆமாம், எப்போதும் வலப்பக்கத்துப் பெட்டிதான். கைப்பழக்கம்.

பெட்டிகளை மாற்றி வைத்துச் செய்து பார்த்தாள். இந்த முறை சாதாரண செல்கள் ஜம்மென்று பிழைத்திருந்தன. புரதம் கூட்டியவை பெரும்பாலும் போய்விட்டன. ஆக, செல்களைப் பிழைக்க வைத்தது புரதம் அல்ல, அந்த வலப்பக்கத்துப் பெட்டி.

ஒரு குவளையில் சோப்பைக் கரைத்தாள். பெட்டிக்குள் நைட்ரஜனை விட்டபடியே மூடியின் விளிம்பிலும் குழாய் இணைப்பிலும் பிரஷ்ஷால் நுரையைத் தடவினாள். இணைப்பில் ஒரு குமிழி எழுந்து, பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது. கசிவு. பெட்டியை மூடிய பிறகு அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து செல்களுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

துடைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். அப்படி நினைத்தும் பார்த்தாள். பிறகு குவளையும் பிரஷ்ஷுமாக மேடம் அறைக்கே போய் நின்றாள்.

“பெட்டி லீக் மேடம். நான் பேச வேண்டாம். பேசினா பொய்யாயிடும்.”

மேடம் வந்து குமிழிகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “சரி, பேச்சை வாபஸ் வாங்கிடலாம். இணைப்பை மாத்திட்டு முதல்லேர்ந்து ஆரம்பி.”

அங்கே சொன்னதுகூடச் சுலபம். வீட்டில் அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம்.

“அப்பா, மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெட்டி லீக்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்க லீக் பாக்க சிலிண்டர் வால்வுக்குப் போடுவீங்கள்ல, அந்த மாதிரி சோப்பு நுரை போட்டேன்.”

“பாக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. நானாத்தான்.”

“சொல்லாம விட்டிருந்தா?”

“இப்போதைக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கோபம் என்றே அவள் நினைத்தாள். மறுநாள் காலையில், தானே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்று வேனில் ஏறிக்கொண்டாள். முதல் ஆஸ்பத்திரி வாசலில் அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா காவலாளியைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு மருந்துன்னு சொன்னேன்ல? அது தப்பு. பெட்டி லீக்.”

“அடடா.”

“என்ன அடடா? கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? இவதான்! தன் வேலையில தானே நுரை போட்டுப் பாத்திருக்கா. லீக்குன்னு தெரிஞ்ச சிலிண்டரை நல்லதுன்னு சொல்லி நோயாளி தலைமாட்டுல வைக்கறவனும் இருக்கான்யா. இவ வைக்கல!”

மருந்தைச் சொன்னபோதுகூட அவர் குரல் இவ்வளவு உயர்ந்திருக்காது. அவள் தரையைப் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்க வேறு வழியில்லை.

புது இணைப்பு போட்டு, பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, திரும்பத் திரும்பச் செய்தாள். புரதம் கூட்டிய செல்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்தன.

“கொஞ்சம்தாம்ப்பா. ஆனா எந்தப் பெட்டியில வச்சாலும் கொஞ்சம்.”

அப்பா வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். “கொஞ்சம்னு மட்டும்தான் சொல்லணும், கேட்டீங்களா? மருந்துன்னு சொல்லக் கூடாது!”

அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வேன் தெருமுனையில் டீக்கடை வாசலில் நின்றது. வீட்டு வாசல் வரை கேட்டது அந்தக் குரல்:

“கொஞ்சம்தான்யா! ஆனா எந்தப் பெட்டியில வச்சாலும் கொஞ்சம்!”