கைராசி என்று சொன்ன பொய்

நான் ஒரு பொய்க்காரி. கெலாங் பாத்தா வட்டாரத்தில் மிளகாய் பயிரிடுகிறவர்கள் என் கைராசியைப் பற்றிச் சொல்வதெல்லாம் நானே கிளப்பிவிட்ட கதை. என் நாற்றுகளின் வேரில் இருப்பது ராசியல்ல, பூஞ்சை!

முகம் சுளிக்கிறீர்களா? அதற்குப் பயந்துதான் மறைத்தேன். இங்கே பூஞ்சையைக் 'குலாட்' என்று மலாயில்தான் சொல்வோம். குலாட் என்றாலே நோய். என் நாற்றில் அது இருப்பதாக வாய்தவறிச் சொல்லியிருந்தால், ஒருவரும் என் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நான் வளர்ப்பது நல்ல பூஞ்சை. வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடுக்கிலிருந்தும் ஈரத்தை இழுத்துத் தரும். மக்காச்சோளத்தின் வேரில் அதைப் பெருக்கி, உலர்த்தி, நறுக்கி, நாற்று மண்ணில் கலப்பேன். கைப்பேசியில் படித்தது பாதி. தோற்றுத் தோற்றுத் தெரிந்துகொண்டது பாதி. தெப்ராவ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருத்திக்கு இது கைவந்ததே... பெருமைப்படாமல் எப்படி இருப்பேன்?

பக்கத்து நிலத்தை மாரிமுத்து அண்ணன் குத்தகைக்கு எடுத்தார். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை செய்தவர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி ஓடியது போதும், இனி மண்தான் என்று வந்தார். என் நாற்றையே வாங்கி நட்டார். வேருக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டபோது, எல்லாம் கைராசிதான் என்று சிரித்து மழுப்பினேன்.

சில நாள் கழித்து, குலாட் வராமலிருக்க மருந்து கலக்கி எடுத்து வந்தார். வேலியோரம் நின்று என்னிடம் கேட்டார்:

"வேர்ல ஊத்தலாம்தானே, தங்கச்சி?"

ஊற்றினால் வேரிலிருக்கும் என் பூஞ்சை செத்துவிடும். எனக்குத் தெரியும்! வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால்... உண்மையைச் சொல்ல வேண்டும்.

"ஊத்துங்கண்ணே," என்றேன்.

பிறகு வறட்சி வந்தது. குழாய்த் தண்ணீருக்கே பங்கீடு. என் செடிகள் நிமிர்ந்து நின்றன! ஊரே வந்து பார்த்தது. அந்தப் பச்சையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய செடிகள் கருகின. மருந்து ஊற்றாவிட்டால் பிழைத்திருக்குமா? எத்தனை முறை என்னையே கேட்டிருக்கிறேன்! அதே நாற்று, அதே மண், அதே வெயில்... பிழைத்திருக்கும் என்றுதான் மனசு சொல்கிறது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

"ஒன் நாத்துல குத்தமில்ல, தங்கச்சி. என் கையிலதான் ராசி இல்ல," என்றார்.

மறுபடியும் சிங்கப்பூர் வேலைக்கே போய்விட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஊர் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. நான் சொல்லவில்லை.

சென்ற மாதம் தம்போயிலுள்ள அவர் வீட்டுக்கு என்னை அழைத்தார்கள். வாசலில் கறிவேப்பிலைக் கன்று வைக்க வேண்டுமாம். குழி தயாராக இருந்தது. கன்றை நீட்டினால் அவர் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்.

"நீயே வச்சிடு லா. நான் தொட்டா வராது."

எவ்வளவு பெரிய இரும்பையும் ஒட்டவைத்த கைகள்! ஒரு கன்றைத் தொடப் பயந்தன. அவர் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம், பூஞ்சை கலந்து கொண்டுபோயிருந்த என் மண்ணில் ஒரு பிடியைக் குழியில் போட்டு மூடினேன். அப்போதும் மறைத்தேன்!

கன்று நன்றாகத் தழைத்துவிட்டது. என் கைராசியைப் பற்றி அவர் மனைவி எல்லோரிடமும் சொல்கிறாராம். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது... அண்ணனும் கூடவே நின்று தலையாட்டுகிறாராம்.