சித்தியின் இருபத்தாறு எழுத்துகள்

சித்தி தன் இருபத்தாறு ஆங்கில எழுத்துகளையும் வரைந்து முடித்தபோது எனக்கு ஒன்பது வயது. பெருமாநல்லூரில் மாமா நடத்திய பனியன் கம்பெனியில், டீ-ஷர்ட்டின் நெஞ்சில் அச்சடிக்கும் படங்களை வரைந்து கொடுப்பவள் அவள்தான். மாமா அவளுடைய சொந்த அண்ணன் என்பதால் அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. ஊட்டுப்புள்ள கூடமாட இருக்குது என்பார்கள்.

அட்டையில் வெட்டியெடுத்து மேலே சாயம் பூசுகிற ஸ்டென்சில் எழுத்துகள் அவை. தடித்த உடம்பு, தலையிலும் அடியிலும் கொடி நுனிபோலச் சுருண்ட சிறு கால்கள், நடுநடுவே இடைவெளி. O இரண்டு பிறைகளாகப் பிரிந்து நின்றது.

"ஏனுங்க சித்தி, இது ஒடஞ்சிருக்குது?"

"ஒடையல கண்ணு. முழுசா வெட்டுனா நடுவுல இருக்கறது உழுந்துரும். அதப் புடிச்சுக்கத்தான் அந்த எடம். ஆனா பாக்கறவங்களுக்கு அழகுக்கு உட்டாப்பல தெரியோணும்."

R-இன் காலை மட்டும் ஒரு வாரம் அழித்து அழித்து வரைந்தாள்.

அவளுடைய அப்பா, என் அப்புச்சி, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு இந்த எழுத்து பிடித்துவிட்டால் சென்னைக்கு டிசைன் படிக்க அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், மாமா என்னைக் கூப்பிட்டார்.

"சித்தி வரஞ்ச தாளெல்லாம் எடுத்துட்டு வா கண்ணு. பாத்துட்டுத் தந்தர்றேன். அவகிட்டச் சொல்லீராத. திடீர்னு பாராட்டோணும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். வரிசை கலையாமல் திரும்ப வைத்ததும் நான்தான்.

பாராட்டு வந்தது, மாமாவின் மகனுக்கு. கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அவன் வரைந்ததாகச் சொல்லித்தான் மாமா அதை பையரிடம் காட்டியிருந்தார். பையருக்கு மிகவும் பிடித்துப்போனது. கம்ப்யூட்டரில் அந்த எழுத்துருவுக்கு அவன் பெயரே வைக்கப்பட்டது.

சித்தி தாள்களை அப்புச்சி முன்னால் பரப்பினாள். மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ர பையன் செஞ்சதப் பாத்து வரஞ்சிருக்கறா, பாவம். பரவாயில்ல, நல்லாத்தான் வந்திருக்குது."

சித்தி என் பக்கம் திரும்பினாள். "நீ தெனமும் பக்கத்துலயே உக்காந்திருந்தீல்ல கண்ணு? நான் எப்ப வரஞ்சேன்னு அப்புச்சிகிட்டச் சொல்லு சாமி."

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொல்லக்கூடாது என்றது எதை, எதுவரைக்கும் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க அப்புச்சி" என்றேன்.

சித்தி தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆவணியில் பொங்கலூருக்கு மருமகளாகப் போனாள். காரில் ஏறும்முன் என் தலையைக் கோதி, "நல்லாப் படி கண்ணு" என்றாள். அன்றும் சரி, பிறகும் சரி, என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டாததால், நான் தப்பு எதுவும் செய்யவில்லை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.